பத்து நாளுக்கு எழுதிய மாத்திரை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் கணவருக்கு வயது 46. மூன்று வருடம் முன்பு டிஸ்க் விலகி முதுகில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டிராமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாளைக்கு என்று எழுதித் தந்தார்கள். வலி முழுசாகப் போகவில்லை என்று அவராகவே தொடர்ந்தார். இப்போது ஒரு நாளைக்கு 12 மாத்திரை போகிறது. போன வாரம் மெத்தையைத் திருப்பிப் போட்டேன். அடியில் காலி அட்டைகள். எண்ணினேன், 31 இருந்தன. வலி அதிகமான நாளில் டைக்ளோஃபினாக்கும் சேர்த்துப் போடுவார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை தினமும் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் எடுக்கிறார். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது. மலம் கழிப்பது நாலு நாளைக்கு ஒரு முறைதான். விடிகாலையில் வலி தாங்காமல் எழுந்துவிடுவார். அப்போது மூக்கில் நீராக ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும். எங்களுக்குள் தாம்பத்யம் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் பாத்ரூமில் மயங்கி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்டால், “டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே? நான் என்ன போதை மருந்தா சாப்பிடுகிறேன்? போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல்” என்கிறார். அவர் சொல்வது சரியா? இப்படியே போனால் உடம்பு என்ன ஆகும்? எல்லா மாத்திரையையும் எடுத்து எறிந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. சாதாரண மயக்கத்தில் விழுபவர் நாக்கைக் கடித்துக்கொள்வது அபூர்வம். அது வலிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டிராமடாலின் அளவு கூடினால் வலிப்பு வரும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சிலருக்குச் சரியான அளவிலேயே வந்துவிடும். அதனால் மற்ற கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம், பண்டிகை முடிந்து என்றெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பார்த்து முடியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம், உயரத்தில் ஏற வேண்டாம். குளிக்கும்போது கதவைத் தாழிட வேண்டாம்.

இன்னொன்றும் இன்றிரவிலிருந்தே. அல்பிரசோலத்தை இந்த மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது. அவர் தினமும் எடுப்பதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் என்கிறீர்கள். அதனால் அதை விட்டுவிடலாம். தினமும் எடுப்பவராக இருந்தால் அதையும் படிப்படியாகத்தான் குறைக்கச் சொல்லியிருப்பேன். டிராமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வகை மருந்து. மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் எல்லாம் அந்த வகைதான். மூச்சு விடச் சொல்லி மூளை தரும் உத்தரவை இவை மந்தப்படுத்தும். தூக்க மாத்திரையும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் இந்த இரண்டு வகை மருந்துகளின் விவரக்குறிப்புகளிலும் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது இதற்காகத்தான். மதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

மூச்சு நின்று நின்று வருகிறது என்று நீங்கள் எழுதியதைக் குறட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஓபியாய்டை வெகுகாலம் எடுப்பவர்களுக்கு, தொண்டையில் அடைப்பு எதுவும் இல்லாமலேயே தூக்கத்தில் மூச்சு நிற்கும். மூளை அந்த நேரத்தில் மூச்சு விடச் சொல்ல மறந்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் திடுக்கென்று விழித்து ஒரு பெருமூச்சு வாங்குவார். ஓர் இரவில் இது எத்தனையோ முறை நடக்கும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. ‘தூங்கியும் தூங்காத மாதிரி இருக்கிறது’ என்று மட்டும் சொல்வார். இப்படி வருடக்கணக்கில் போனால் ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கு மட்டும்தான் இது தெரியும். அடுத்த முறை மூச்சு நின்றால் மனதுக்குள் எண்ணுங்கள். எத்தனை விநாடி நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இந்த நிலையை மாற்ற நலோக்ஸோன் என்ற மருந்து உண்டு. எந்த மாத்திரை, எத்தனை போட்டார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி, உங்கள் கணவர் கேட்ட கேள்வி. “டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே?”

பாதி சரி. எழுதிக் கொடுத்தது ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, பத்து நாளைக்கு. மொத்தம் இருபது. அந்த இருபதுக்குத்தான் அந்தச் சீட்டு பொறுப்பு. அதற்கு மேல் அவர் விழுங்கிய எந்த மாத்திரைக்கும் அவருடைய சிறுநீரகத்தையோ ரத்த அழுத்தத்தையோ பார்த்து ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டதாக இல்லை. மருந்து அதே மருந்துதான். அளவும் காலமும் வேறாகிவிட்டன.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் கலவை மாத்திரையில் வழக்கமாக 37.5 மி.கி. டிராமடாலும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கும். உங்கள் வீட்டு அட்டையின் பின்புறம் பார்த்து இதுதானா என்று சரிபாருங்கள். 12 மாத்திரை என்றால் 450 மி.கி. டிராமடால். டிராமடாலைத் தனியாகக் கொடுத்தாலே ஒரு நாளைக்கு 400 மி.கி. தாண்டக் கூடாது. இந்தக் கலவை மாத்திரைக்கு உச்ச வரம்பு ஒரு நாளைக்கு எட்டு, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். பாராசிட்டமால் 3,900 மி.கி. ஆகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு 4,000 மி.கி.தான் எல்லை. ஜலதோஷம், காய்ச்சல் என்று ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை கூடப் போட்டால் எல்லை தாண்டிவிடும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சுப்பொருள் உண்டாகும். அதைச் செயலிழக்கச் செய்ய கல்லீரலில் குளூட்டாதயோன் இருக்கிறது. அளவு மீறினால் அந்த இருப்பு தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களையே கொல்ல ஆரம்பிக்கும். சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அந்த இருப்பே குறைவு. கொடுமை என்னவென்றால், முதல் ஓரிரு நாள் ஒரு குமட்டலுக்கு மேல் எதுவும் தெரியாது. கண் மஞ்சளாகும்போது நிறைய நடந்து முடிந்திருக்கும். அந்த நச்சை முறிக்க மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

வலி மாத்திரையைத் தவறாக எடுக்கும்போது உண்டாகும் சேதத்தில் பெரும்பகுதி வலிக்காது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான். உடம்புக்கு இருக்கிற எச்சரிக்கை மணி வலி. அந்த மணியின் நாக்கைக் கட்டி வைத்துவிட்டால், எந்த அறையில் தீப்பிடித்தாலும் சத்தம் கேட்காது. “எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று உங்கள் கணவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

டைக்ளோஃபினாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஓபியாய்டு இல்லை, இதன் வழியே வேறு. ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், அசெக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் இதன் உறவினர்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இவை உடம்பில் உற்பத்தியாகாமல் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயை விரித்து வைப்பதும் அதுதான். முதுகில் மட்டும் தடு, வயிற்றில் தடுக்காதே என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. “ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது” என்று சிலர் நம்புகிறார்கள். ரத்தத்தின் வழியாக மருந்து இரைப்பைக்கும் போகத்தான் செய்யும்.

என்னிடம் ஒருவர் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். இதயம் என்று பயந்திருந்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6. வயிறு வலித்ததா என்று கேட்டேன். “ஒரு நாளும் இல்லை டாக்டர்” என்றார். மலம் என்ன நிறம் என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்து, “கொஞ்ச நாளாகத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது” என்றார். மூட்டு வலிக்காக இரண்டு வருடமாகத் தினமும் போட்ட மாத்திரையால் இரைப்பையில் புண் வந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வலியைத் தெரியவிடாமல் வைத்திருந்ததும் அதே மாத்திரைதான். உங்கள் கணவரிடம் மலத்தின் நிறத்தை நீங்களே கேளுங்கள். கூச்சப்பட இது நேரமில்லை.

சிறுநீரகமும் அப்படித்தான், ஓசையில்லாமல் கெடும். பிரஷருக்கு இரண்டு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அதில் ஒன்று பெயர் ‘பிரில்’ என்றோ ‘சார்டான்’ என்றோ முடிகிற வகையாகவும், மற்றது நீர் பிரியச் செய்யும் மாத்திரையாகவும் இருந்தால், டைக்ளோஃபினாக் மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படும். வாந்தி, பேதி என்று உடம்பில் நீர் வற்றுகிற ஒரு நாள் போதும், திடீரென்று செயலிழக்க. தவிர, டைக்ளோஃபினாக் ரத்த அழுத்தத்தையே ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். பிரஷர் கட்டுக்குள் வரவில்லை என்று இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள் என்றால், வலி மாத்திரை போடுவதை அந்த மருத்துவரிடம் இவர் சொன்னாரா என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

மாரடைப்பு, பக்கவாதம் பற்றியும் ஒரு வார்த்தை. இதே குடும்பத்தில் ரோஃபிகாக்சிப் என்று ஒரு மருந்து இருந்தது. மாரடைப்பு கூடுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். பிறகு பார்த்தால் அந்த ஆபத்து அதோடு நிற்கவில்லை. டைக்ளோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. 2013-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது என்றது.

“போன வருடம் எல்லாம் நார்மல்” என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றுவது), சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுகூடச் சிலருக்கு நார்மல் எல்லைக்குள்ளேயே இருக்கும். தசை குறைந்து மெலிந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏமாற்றும். அதோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். தவிர, போன வருடம் அவர் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை எடுத்தார்? அந்தக் காகிதம் போன வருடத்து உடம்புக்கானது.

சுவீடனில் ஹுஸ்க்வார்னா என்ற தொழிற்சாலை ஊரில் நடந்த ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1918-இல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சல் பரவியபோது அந்த ஊர் மருத்துவர் ஒருவர் ஃபினாசெட்டின் என்ற வலி மருந்து கலந்த தூளைக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, தூள் மட்டும் நின்றுவிட்டது. தலைவலிக்கு, அலுப்புக்கு, வேலையில் சுறுசுறுப்பாக இருக்க என்று தொழிலாளர்கள் வருடக்கணக்கில் தினமும் எடுத்தார்கள். பிறந்த நாளுக்குப் பரிசாகக்கூடக் கொடுத்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்த ஊரில் இத்தனை பேர் ஏன் சிறுநீரகம் செயலிழந்து சாகிறார்கள் என்று கேள்வி வந்தது. அந்தத் தூளை முதலில் கொடுத்ததும் ஒரு டாக்டர்தான். ஒரு நோய்க்கு, சில நாட்களுக்கு என்று வந்த மருந்து அது. ஃபினாசெட்டினைப் பிறகு பல நாடுகள் தடை செய்துவிட்டன.

திரும்ப டிராமடாலுக்கு வருகிறேன். மலச்சிக்கலை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். ஓபியாய்டு பிடித்துக்கொள்ளும் இடங்கள் மூளையில் மட்டும் இல்லை, குடல் முழுக்க இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்து குடலின் அசைவையே அடக்கிவிடும். மற்ற பக்கவிளைவுகள் நாளாக ஆகக் கொஞ்சம் பழகிவிடும். இது மட்டும் பழகவே பழகாது. வருடக்கணக்கில் முக்கினால் மூலம், ஆசனவாய் வெடிப்பு, மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொள்வது எல்லாம் வரும். இன்னொரு விபரீதமும் உண்டு. சிலருக்குக் குடல் இப்படித் தவிப்பதாலேயே வயிற்றுவலி வரும். அந்த வலிக்கு இன்னும் இரண்டு மாத்திரை போடுவார்கள். வலி இன்னும் கூடும். நார்ச்சத்துத் தூளைக் கலக்கிக் குடித்து இதைச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அசையாத குடலில் அது அடைப்பைக் கூட்டிவிடலாம். வேறு வகை மருந்து தேவை, மருத்துவர் சொல்வார்.

நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். ஒன்றரை வருடமாக, ‘என் மேல் இவருக்குப் பிரியம் போய்விட்டதோ’ என்று உள்ளுக்குள் நீங்கள் மறுகியிருப்பீர்கள். விந்தகத்துக்கு உத்தரவு மூளையிலிருந்து வர வேண்டும். ஓபியாய்டு அந்த உத்தரவை அடக்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கும். ஆசை, விறைப்பு, உற்சாகம், தசை பலம் எல்லாம் அதோடு இறங்கும். பெண்கள் எடுத்தால் மாதவிலக்கே நின்றுபோகும். அவர் எதுவும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்வதற்கு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கும். வெட்கத்தில் பேசமாட்டார். காலை வேளையில் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். மாத்திரை குறைந்து நின்றபின் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிற விஷயம் இது. இதை அவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல் என்று பயமுறுத்தி அசைக்க முடியாத சிலரை இந்த ஒரு செய்தி அசைத்திருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். கூடவே மாத்திரையின் மயக்கத்தில் தள்ளாட்டம். எலும்பு மெலிந்தவர் தடுமாறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய் எப்போதும் வறண்டிருப்பதால் பல் சொத்தையாகும். ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் டிராமடாலால் திடீரென்று இறங்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு அவருக்கு யாராவது மருந்து எழுத வந்தால், டிராமடால் எடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளில் பல இதோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது அந்த விடிகாலை.

வலி தாங்காமல் எழுகிறார், மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி விடுகிறார். இரண்டு மாத்திரை போட்டதும் அரை மணி, முக்கால் மணியில் எல்லாம் அடங்கிவிடும், இல்லையா? “பார், வலி எவ்வளவு நிஜம், மாத்திரை இல்லாமல் முடியவில்லை” என்று அவர் சொல்லியிருப்பார். வலி நிஜம்தான், அதை ஒரு நாளும் நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் முதுகுவலியில் மூக்கு ஒழுகாது. கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்செறிதல், கால் குடைச்சல், வியர்வை எல்லாம் ராத்திரி போட்ட மருந்து உடம்பில் இறங்கிவிட்டது என்பதன் அடையாளங்கள். அந்த இறக்கத்தில் பழைய வலி இடங்கள் எல்லாம் கூர்மையாகும். ஆக, விடிகாலை வலியில் ஒரு பகுதி டிஸ்க்கின் வலி, இன்னொரு பகுதி மாத்திரையே உண்டாக்கிய வலி. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவரால் முடியாது, உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. வெகுநாள் ஓபியாய்டு எடுத்தால் நரம்பு மண்டலம் வலிக்கு இன்னும் கூச்சம் மிகுந்ததாக மாறலாம். முன்பு லேசாகத் தெரிந்த வலி இப்போது குத்துகிற மாதிரி தெரியும். முதுகோடு இருந்த வலி இடுப்பு, தொடை, தோள் என்று பரவும். டிஸ்க் மறுபடி விலகிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தால் அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மாத்திரையைக் கூட்டினால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. இரண்டு மாத்திரை 12 ஆன கதை இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கவனமாகக் குறைத்துக்கொண்டு வந்தபோது, ‘வலி கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்திருக்கிறது’ என்று வியந்து சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலைவலிக்காரர்களிடம் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தலைவலிக்கென்று மாதத்தில் 10 நாளுக்கு மேல் ஓபியாய்டோ கலவை மாத்திரையோ எடுத்தால், சாதாரண வலி மாத்திரை என்றால் 15 நாளுக்கு மேல் எடுத்தால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

உங்கள் கடைசிக் கேள்வி, எறிந்துவிடலாமா என்பது. வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நோயாளியிடம், “நாளையிலிருந்து ஒன்றுகூட எடுக்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, பேதி, நாக்கு வறண்டு, படுக்கையில் ஒரு நிமிடம் கால் நிலைகொள்ளவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பயத்தை இன்னும் மறக்கவில்லை. குணமாகி வீட்டுக்குப் போனார். மறுபடி என்னிடம் வரவே இல்லை. மாத்திரையைத் தொடர்ந்தாரா, எங்கே வாங்கினார், எதுவும் எனக்குத் தெரியாது. அதை என் தவறாகத்தான் சுமக்கிறேன்.

டிராமடாலைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வழக்கமான உபாதைகளோடு கடும் பீதி, குழப்பம், இல்லாதது தெரிவது, கேட்பது எல்லாம் சேர்ந்துவரும். மாத்திரையை ஒளித்து வைத்தால், அவர் வேறெங்காவது வாங்குவார். அங்கே என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெகுகாலம் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் குறைப்பதை உடம்பு பெரும்பாலும் தாங்கும். இவருக்கு வலிப்பு வந்திருக்க வாய்ப்பு இருப்பதால், டிராமடாலை விட்டு வேறு மருந்துக்கு மாற்றி, அதிலிருந்து இறக்கலாம் என்று மருத்துவர் சொல்லலாம். புப்ரினார்ஃபின் அப்படிப்பட்ட மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முதல் சில நாள் மருத்துவமனையிலேயே இருக்கச் சொன்னாலும் மறுக்காதீர்கள். எந்த வேகம், எந்த மருந்து என்பதை அவரைப் பார்க்கிற மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடிதத்தைப் படித்த நான் இல்லை. டைக்ளோஃபினாக் மட்டும் உடம்பு பழகிப்போகிற மருந்து இல்லை, அதைக் குறைக்கக் காத்திருக்க வேண்டாம், நாளையிலிருந்தே நிறுத்திவிடலாம்.

மாத்திரை குறைந்தபின் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. உடம்பு அந்தப் பழக்கத்தை வேகமாக மறந்துவிடும். இரண்டு மாதம் நிறுத்தியவர், ஒரு மோசமான நாளில் ‘பழையபடி’ ஒரு கை நிறைய அள்ளிப் போட்டால், முன்பு தாங்கிய அளவே அன்றைக்குக் கொன்றுவிடும். அதனால் மிச்ச மாத்திரை வீட்டில் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும், அதையும் அவர் ஒப்புதலோடு. குழந்தைகள் கைக்கு ஒன்றுகூட எட்டக் கூடாது.

அவர் போதைக்கு அடிமையா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம் இருக்கிறது. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, கெடுதல் என்று தெரிந்தும் கை தானாக அதைத் தேடிப்போவது வேறு. முதலாவது, சொன்னபடி எடுத்த நோயாளிக்கும் வரும். மெத்தைக்கு அடியில் இருந்த 31 அட்டைகள் இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொல்கின்றன. எதுவானாலும் இது குணத்தில் வந்த குறை இல்லை, சிகிச்சை இருக்கிற நோய். வீட்டில் பேசும்போது ‘போதை’ என்ற சொல்லே உங்கள் வாயில் வர வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார், உடம்பைப் பற்றிப் பேசமாட்டார். “நீங்கள் அன்றைக்கு விழுந்தது வலிப்பாக இருக்கலாமாம். ராத்திரி மூச்சு நிற்கிறது, நான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, என்னோடு வாருங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். முதுகுவலிக்காகத்தான் போகிறோம் என்பதும் பொய் இல்லை. வலியைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் எதுவும் நிற்காது. உடற்பயிற்சி சிகிச்சை, நரம்புவலிக்கான வேறு மருந்துகள், தேவைப்பட்டால் முதுகெலும்பு நிபுணரின் மறு ஆலோசனை எல்லாம் கூடவே நடக்க வேண்டும்.

போகும்போது அந்த 31 காலி அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் இருக்கிற மற்ற எல்லா மாத்திரையும், பிரஷர் மாத்திரை உட்பட, அதே பையில். மேசைமேல் கொட்டிவிட்டு, “எத்தனை நாளில் இவ்வளவு” என்று அவரையே சொல்லவிடுங்கள். மருத்துவர் கேட்டால் மட்டும் நீங்கள் பேசுங்கள், நாக்கைக் கடித்த விஷயத்தைத் தவிர. அதைக் கேட்காவிட்டாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.